கல்லடியிலிருந்து நுவரெலியாவுக்கு: குளிர் மாதத்தில் முதல் பயணம்

கேள்வி இதுதான். மட்டக்களப்புக் கல்லடியில் இருக்கும் ஒரு தம்பி, மனைவி, 7 வயது மகன், 3 வயது மகள், 65 தாண்டிய அம்மா ஆகியோருடன் குளிர் காலத்தில் ஒரு வார இறுதிக்கு நுவரெலியா போக நினைக்கிறார். அம்பாறையில் இருக்கும் அக்கா குடும்பமும் வேறு வாகனத்தில் சேர்ந்துகொள்ளும். டிசம்பர் பாடசாலை விடுமுறையில், வெள்ளிக்கிழமை இரவு வானில் வெளிக்கிட்டு, கிரகரி வாவி, ஹோர்ட்டன் சமவெளி, எல்ல, ஹக்கலைப் பூங்கா, அம்பேவெல எல்லாம் பார்த்துவிட்டு ஞாயிறு இரவு வீடு திரும்புவது திட்டம். யாருமே குளிர் மாதத்தில் மேலே போனதில்லை. இது சரிவருமா, குளிர் எவ்வளவு இருக்கும், என்னென்ன கொண்டு போக வேண்டும், ரயிலில் ஒரு ஓட்டம் போகலாமா என்று கேட்டிருக்கிறார்.

இப்படியே போனால் சரிவராது தம்பி. போகவேண்டாம் என்று சொல்லவில்லை, கட்டாயம் போங்கள். ஆனால் உங்கள் திட்டத்தில் பகல் மட்டும்தான் இருக்கிறது. குளிர் மாதத்து நுவரெலியாவில் பயணம் நன்றாக அமைவதும் கெட்டுப்போவதும் இரவில்தான். பின்னேரம் 4 மணிக்கு வெயில் சரிந்ததிலிருந்து மறுநாள் காலை 8 மணி வரை எங்கே இருப்பீர்கள், என்ன உடுத்தியிருப்பீர்கள், அம்மாவும் சின்னவளும் எந்த அறையில் படுப்பார்கள் என்று முதலில் தீர்மானியுங்கள். அதைத் தீர்மானித்தாலே பகல் பட்டியல் தானாகச் சுருங்கிவிடும்.

நான் களுவாஞ்சிகுடிப் பக்கத்தவன். வெலிமடையில் ஆசிரியராக இருந்த காலத்தில் ஊரிலிருந்து வந்த சொந்தங்களுக்கெல்லாம் அறை பிடித்துக் கொடுத்ததும், இரவில் போர்வை தேடி ஓடியதும் நான்தான். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

முதலில் மாதத்தை மாற்றுங்கள். டிசம்பர் நமக்கு மாரி. வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழை மட்டக்களப்பில் மட்டும் கொட்டுவதில்லை, பதுளைப் பக்கமும் அதே மழைதான். நீங்கள் போகும் வீதி முழுக்க அந்த மழைக்குள் இருக்கிறது. கீழே மகாஓயாப் பக்கம் வெள்ளம் ஏறும், மேலே பதுளை, வெலிமடைச் சரிவுகளில் மண் இளகியிருக்கும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தில் செய்ததை எல்லோரும் பார்த்தோம். வீதிகள் அறுந்தன, மலைநாட்டு ரயில் பாதை பலத்த சேதமடைந்தது. புயல் இல்லாத வருடத்திலும் டிசம்பரில் வாவியைப் பார்க்கப் போய் மூடுபனியையும் தூறலையும் பார்த்துவிட்டு வந்தவர்கள் நிறையப் பேர். போதாததற்கு நத்தார், புதுவருட விடுமுறை. அறை வாடகை ஏறியிருக்கும், நகருக்குள் வாகனம் நகராது.

தைப்பொங்கல் முடிந்து ஒன்றிரண்டு கிழமை போகட்டும். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை நல்ல காலம். மழை குறைந்து வானம் தெளியும். குளிரும் அப்போதுதான் முழுதாக இருக்கும். நீங்கள் குளிரைப் பார்க்கத்தானே போகிறீர்கள்? போயா எனும் பௌர்ணமி விடுமுறையோடு ஒட்டி வரும் நீண்ட வார இறுதியை மட்டும் தவிருங்கள். அந்த நாட்களில் கொழும்பே மேலே ஏறிவிடும். மகனுக்கு வெள்ளிக்கிழமை ஒரு நாள் பாடசாலை போகாவிட்டால் பரவாயில்லை என்பது என் அபிப்பிராயம், ஆசிரியனாக இருந்துகொண்டு இதைச் சொல்லக்கூடாதுதான்.

குளிர் எவ்வளவு என்று கேட்டிருந்தீர்கள். கடல் மட்டத்திலிருந்து 1000 மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஏறக்குறைய 6 பாகை குறையும். நுவரெலியா நகர் 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அப்படியென்றால் பொதுவாகக் கல்லடியைவிட 11, 12 பாகை குறைவு என்று கணக்கு வையுங்கள். பகலில் இது பெரிதாகத் தெரியாது. 20 பாகை வெயிலில் பிள்ளைகள் ஸ்வெட்டரைக் கழற்றி எறிவார்கள். வெயில் சுடும் என்பதையும் மறக்காதீர்கள், அந்த உயரத்தில் தோல் சீக்கிரம் கருகும், உதடு வெடிக்கும்.

இரவில்தான் கணக்கு மாறுகிறது. மேகமில்லாத இரவில் நிலம் பகலில் வாங்கிய சூட்டைத் தடையில்லாமல் வானத்துக்கு விட்டுவிடுகிறது. கனத்த குளிர்காற்று சுற்றியுள்ள மலைகளிலிருந்து இறங்கி நகரம் இருக்கும் பள்ளத்தில் தங்குகிறது. அதனால்தான் நல்ல தெளிவான பகலுக்குப் பின் வரும் இரவு மிக மோசமாக இருக்கும், மேகம் மூடிய நாளில் குளிர் கொஞ்சம் இளகும். ஜனவரி, பெப்ரவரியில் சில விடியற்காலைகளில் 5 பாகைக்கும் கீழே இறங்கும். அப்போது குதிரைப் பந்தயத் திடலிலும் புல்வெளிகளிலும் தேயிலைக் கொழுந்துகளிலும் வெள்ளையாகப் படிவதைத்தான் பத்திரிகைகள் துகள் உறைபனி என்று எழுதுகின்றன. பார்க்க வடிவு, ஆனால் கொழுந்து கருகிவிடும் என்பதால் தோட்டங்களுக்கு அது நட்டம். ஒன்று சொல்லி வைக்கிறேன், பனி கொட்டும் என்று மகனிடம் ஆசை காட்டாதீர்கள். வானத்திலிருந்து எதுவும் விழாது. புல்லில் ஒரு பூச்சுப் போலத்தான் இருக்கும், வெயில் பட்டதும் போய்விடும்.

நம் வீட்டில் தை மாதத்துக் குளிரென்றால் 22, 23 பாகை. அதற்கே அம்மா காதைச் சுற்றித் துவாய் கட்டிக்கொள்வார் என்று நினைக்கிறேன். அதனால் அறை விஷயத்தில் காசு பார்க்க வேண்டாம். படகுச் சவாரி, குதிரைச் சவாரி, வழியில் வாங்கும் பொம்மை எல்லாவற்றையும் வெட்டி அந்தக் காசை அறையில் போடுங்கள். நுவரெலியாவில் பெரும்பாலான விருந்தினர் விடுதிகளில் அறையைச் சூடாக்க ஒன்றும் கிடையாது. இருப்பது சுவர், கண்ணாடி, போர்வை மட்டும். தொலைபேசியில் பேசும்போது வாடகையைக் கேட்பதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்: ஆளுக்கு எத்தனை போர்வை, அவை கம்பளியா வெறும் பெட்ஷீட்டா? நிலம் பலகையா, கம்பளம் விரித்ததா, வெறும் மாபிளா? ஜன்னல் இறுக்கமாகப் பூட்டுமா? காலை 5 மணிக்கும் சுடுதண்ணீர் வருமா, மின்சாரம் போனால் என்ன செய்வார்கள்? கழிப்பறை அறைக்குள்ளேயே இருக்கிறதா? அம்மா இரவில் இரண்டு தடவை எழும்புவார் என்றால் இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். வாவி தெரியும் அறை என்று கூடுதலாகக் கேட்பார்கள். இருட்டியபின் வாவி தெரியாது, வாவிப் பக்கத்துக் காற்று மட்டும் ஜன்னலில் அடிக்கும். முன்பக்கத்து அறையைவிட உட்பக்கத்து அறை எனக்கு விருப்பம்.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். குளிர் தாங்க முடியவில்லை என்று யாராவது கரிச்சட்டியோ தணலோ அறைக்குள் கொண்டுவந்து தந்தால் வாங்காதீர்கள். வெளியே பார்பிக்யூ போட்ட அடுப்பை மிச்சச் சூட்டுக்காக உள்ளே இழுத்து வைக்கும் வேலையும் வேண்டாம். கதவு ஜன்னல் பூட்டிய அறையில் கரி எரிந்தால் காபன் மொனொக்சைட் வாயு சேரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலி, மயக்கம் என்று தொடங்கித் தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். குளியலறைக்குள் எரிவாயு கீசர் இருந்தாலும் இதே கவனம் வேண்டும், காற்றுப்போக்கி திறந்திருக்க வேண்டும். புகைபோக்கியோடு முறையாகக் கட்டிய கணப்படுப்பு வேறு விஷயம்.

உடுப்புக்கு வருவோம். மொத்தமான ஒரே ஜக்கெட்டைவிட மெல்லியதாக மூன்று அடுக்கு நல்லது. உள்ளே உடம்போடு ஒட்டிய பனியன், நடுவில் ஸ்வெட்டர், மேலே காற்றுப் புகாத ஜக்கெட். பிள்ளைகள் ஓடி வியர்த்தால் உள்பனியனை உடனே மாற்றுங்கள். ஈரப் பருத்தி உடம்பில் கிடந்தால் எத்தனை ஸ்வெட்டர் போட்டும் பலனில்லை. உடுப்பு அங்கே காயாது, ஆகவே சின்னவளுக்கு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு எடுத்து வையுங்கள். காது மூடும் தொப்பியும் காலுறையும் எல்லோருக்கும் வேண்டும், படுக்கும்போதும் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஜக்கெட்டுக்காக மட்டக்களப்பில் கடை கடையாக அலையத் தேவையில்லை. நுவரெலியா நகரிலேயே பேல் பசார் என்று குளிர் உடுப்புக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சியவையும் வெளியிலிருந்து வந்தவையும் கிடைக்கும், பேரம் பேசலாம். ஆனால் போய் இறங்கும் முதல் மாலைக்கு ஆளுக்கு ஒரு ஸ்வெட்டராவது கையில் இருக்கட்டும். குளிரில் நடுங்கிக்கொண்டு பேரம் பேசினால் கடைக்காரர் முகத்தைப் பார்த்தே விலையைச் சொல்லிவிடுவார்.

அம்மாவுக்குச் சப்பாத்து இங்கேயே வாங்குங்கள், பயணத்துக்கு இரண்டு கிழமை முன்பே. வாழ்க்கை முழுவதும் செருப்புப் போட்டவருக்குப் புதுச் சப்பாத்தை அங்கே போய் மாட்டினால் கால் வெந்து ஒரு அடி வைக்கமாட்டார். வீட்டுக்குள் காலுறையோடு போட்டு நடந்து பழகட்டும். சேலைக்கு உள்ளே ஒரு லெகின்ஸ் போட்டால் பாதிக் குளிர் போய்விடும். சொன்னால் முதலில் சிரிப்பார், இரவு 7 மணிக்கு அவரே கேட்பார்.

தலைக்கு வைக்கத் தேங்காய் எண்ணெய் கொண்டு போனால் போத்தலுக்குள் கட்டியாகிவிடும், 24 பாகைக்குக் கீழே அது உறையும். வாய் அகன்ற டப்பாவில் கொஞ்சம் போட்டுக்கொண்டு போங்கள். விடியக்காலையில் தலைக்குக் குளிக்கும் வழக்கம் இருந்தால் இரண்டு நாளைக்கு விடுமுறை. குளியலை மத்தியானம் 2 மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சீதையம்மன் கோயிலுக்குத் தலை முழுகாமல் எப்படிப் போவது என்று அம்மா கேட்பார். அதற்கும் வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

அம்மாவின் பிரஷர், சீனிக் குளிசைகளைக் கணக்குக்கு மேல் இரண்டு நாளைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் பிரஷர் ஏறும். புறப்படுவதற்கு முதல் கிழமை ஒரு தடவை அளந்து, குளிர்ப் பிரதேசத்துக்குப் போவதை வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள். யாருக்காவது இழுப்பு இருந்தால் இன்ஹேலர் கைப்பையில் இருக்கட்டும், வானின் கூரையில் கட்டிய பெட்டிக்குள் இருந்து பிரயோசனமில்லை. உயரத்தால் மூச்சு முட்டுமோ என்று பயப்படத் தேவையில்லை, 1900 மீற்றருக்கு அந்தப் பிரச்சினை பொதுவாக வராது. ஏறும்போது காது அடைக்கும். சின்னவளுக்குத் தண்ணீரோ டொபியோ கொடுத்தால் சரியாகிவிடும்.

இப்போது வீதி. செங்கலடிச் சந்தியில் இடது பக்கம் திரும்பினால் வரும் ஏ5 வீதிதான் நேரே நுவரெலியா வழியாகப் பேராதனை வரை போகிறது. வழி கேட்கவே தேவையில்லாத பயணம் இது. கரடியனாறு, புல்லுமலை, மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை, பதுளை, வெலிமடை, ஹக்கலை, அப்புறம் நுவரெலியா. அக்கா குடும்பம் அம்பாறையிலிருந்து உகணை வழியாக மகாஓயாவுக்கு வந்துவிடலாம், இரண்டு வாகனமும் சேர அதுதான் இடம். மகியங்கனை போய்க் கண்டி சுற்றி வரலாம் என்று சாரதி சொல்வார், அந்தப் பழக்கம் உள்ளவர்கள் நிறைய. நுவரெலியாவுக்கு அது வீண் சுற்று.

வெள்ளி இரவு வெளிக்கிடுவதை விட்டுவிடுங்கள். புல்லுமலைக்கும் மகாஓயாவுக்கும் இடையில் இருட்டில் யானை நிற்கும். அதைத் தாண்டினால் பசறைப் பக்கத்து வளைவுகள், அப்புறம் விடியற்காலை மூடுபனிக்குள் வெலிமடை ஏற்றம். நாள் முழுக்க ஓடிய சாரதியை வைத்து இதைச் செய்யக்கூடாது. வெள்ளி காலை 5.30க்குக் கல்லடியில் ஏறுங்கள். காட்டுப் பகுதிக்குப் போகும்போது வெளிச்சம் வந்திருக்கும். 10 மணியளவில் பதுளை, மத்தியானத்துக்கு வெலிமடை, பிள்ளைகளுக்காக நிறுத்தி நிறுத்திப் போனாலும் 2 மணிக்குள் நுவரெலியா. வெயில் இருக்கும்போது அறைக்குள் நுழைவதுதான் நோக்கம். வெளிச்சத்தில்தான் போர்வையை எண்ணிப் பார்க்கலாம், கீசரைத் திறந்து பார்க்கலாம், பிடிக்காவிட்டால் வேறு இடம் தேடலாம்.

சாரதி விஷயத்தில் ஒரு வார்த்தை. நம் ஊர்ச் சாரதிமார் கெட்டிக்காரர்கள், ஆனால் நம் வீதி சமதரை. மலை இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பி வந்தால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும், ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். பதுளைப் பக்கம் ஓடிப் பழகியவரா என்று கேட்டு அமர்த்துங்கள். அவருக்கும் ஒரு கட்டில், இரண்டு போர்வை பேசி எடுங்கள். வானுக்குள் சுருண்டு படுத்து நடுங்கியவர் மறுநாள் உங்கள் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வளைவு எடுக்கப் போகிறார்.

வாந்தி வரும் ஆள் யாரென்று உங்களுக்குத் தெரியும். அவரை முன் ஆசனத்தில் இருத்துங்கள். வெறும் வயிற்றிலும் வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம். மகாஓயாவில் இடியப்பமும் சம்பலும் அளவாகச் சாப்பிட்டால் போதும். குளிசை கொடுப்பதென்றால் பிள்ளைகளுக்கு வயதுக்கேற்ற அளவை மருந்தகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், பசறைக்கு முன்பே கொடுங்கள். வளைவு தொடங்கியபின் கொடுத்தால் குளிசையும் சேர்ந்து வெளியே வரும்.

நீங்கள் இந்த வழியாக வருவதில் ஒரு நன்மை இருக்கிறது. ஹக்கலைப் பூங்காவும் சீதாஎலிய சீதையம்மன் கோயிலும் நுவரெலியாவுக்கு முன்பே இதே வீதியோரத்தில் வருகின்றன. கொழும்பிலிருந்து வருபவர்கள் அவற்றுக்காக நகரைத் தாண்டித் தனியாகப் போகவேண்டும், உங்களுக்குப் போகும்போதும் வரும்போதும் வழியிலேயே. ஹக்கலையைப் போகும்போது பாருங்கள். 1861 இல் மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகும் சிங்கோனா மரத்தை வளர்க்க ஆரம்பித்த தோட்டம் அது. அம்மா மெதுவாக நடக்கக்கூடிய பாதைகள், உட்காரப் புல்வெளி. கோயிலை ஞாயிறு திரும்பும்போது வைத்துக்கொள்ளுங்கள். 8 மணிக்கு வெயில் ஏறியபின் சுடுதண்ணீரில் தலை முழுகி, முடி காய்ந்து, 10 மணிக்குப் போகலாம். அம்மாவின் கேள்விக்குப் பதில் அதுதான். கோயில் குரங்குகளிடம் வாழைப்பழப் பையைக் காட்டாமல் இருந்தால் சரி.

கிரகரி வாவியைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 1873 இல், ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில், பீதுருதாலகாலை மலையிலிருந்து வரும் ஓடையை மறித்துக் கட்டிய செயற்கை வாவி அது. மட்டக்களப்பு வாவியைத் தினமும் பாலத்தில் நின்று பார்க்கிற உங்களுக்கு இதுவா என்று தோன்றலாம். நம்முடையது 50 கிலோமீற்றருக்கு மேல் நீளம், இதைப் பின்னேரத்தில் நடந்தே சுற்றிவிடலாம். அளவைப் பார்க்காதீர்கள், நேரத்தைப் பாருங்கள். காலை 7 மணிக்கு வெயில் தொடும்போது தண்ணீருக்கு மேல் ஆவி எழும்பும். மலையும் சைப்பிரஸ் மரங்களும் அதற்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வெளிவரும். 10 மணிக்குப் பிறகு அது சத்தமான பூங்கா. ஜெட் ஸ்கீ, அன்னப் படகு, குதிரைக்காரர்கள், சோளப்பொரி. பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும், அதையும் கொடுங்கள். பூங்காவுக்குள் போக ஒரு சிறு கட்டணம். குதிரைக்கு எவ்வளவு, எவ்வளவு தூரம் என்று ஏறுவதற்கு முன் பேசி முடியுங்கள். உயிர்காப்பு அங்கி போடாமல் படகில் ஏறவேண்டாம். நீந்தத் தெரியும் என்ற கல்லடித் தைரியம் அந்தத் தண்ணீரில் உதவாது, குளிரில் தசை இறுகிவிடும்.

சனிக்கிழமை ஹோர்ட்டன் சமவெளியா என்பதுதான் நீங்கள் வீட்டில் சண்டை பிடித்துத் தீர்க்கவேண்டிய விஷயம். என்னைக் கேட்டால் எல்லோரும் போகவேண்டாம். உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி இரண்டையும் சுற்றி வர 9 கிலோமீற்றர் நடை. ஏற்ற இறக்கம், கல், சேறு. உலக முடிவின் விளிம்பிலிருந்து கீழே சுமார் 870 மீற்றர் செங்குத்துப் பள்ளம், அதைப் பார்க்கவேண்டுமென்றால் 9 மணிக்கு முன் அங்கே நிற்கவேண்டும். பிந்தினால் கீழிருந்து மூடுபனி ஏறி வெள்ளைச் சுவரைத்தான் பார்ப்பீர்கள். அதற்கு நுவரெலியாவிலிருந்து 4.30க்கு வெளிக்கிட்டு, 6 மணிக்கு வாயில் திறக்கும்போது நிற்கவேண்டும். இரவின் மிகக் குளிர்ந்த நேரம் அது, நகரைவிட 200, 300 மீற்றர் உயரமான இடமும்கூட. 3 வயதுப் பிள்ளையையும் அம்மாவையும் அந்த நேரத்தில் எழுப்பிக் கொண்டுபோவது அவர்களுக்குச் சுற்றுலாவே அல்ல.

நீங்களும் அத்தானும் மகனும் ஒரு வாகனத்தில் போய்வாருங்கள். மகன் 7 வயதென்றால் நடப்பான், கடைசி 2 கிலோமீற்றர் தோளில் ஏறுவான். மகாவலி, களனி, வளவை மூன்று கங்கைகளுக்கும் நீர் கொடுக்கும் மேட்டுநிலம் அது என்று போகும் வழியில் சொல்லுங்கள், பாடப்புத்தகத்தில் வரும்போது நினைவிருக்கும். பொலித்தீன் உறைகளை வாயிலில் கழற்றி எடுப்பார்கள், ஆகவே சாப்பாட்டை டப்பாவில் கொண்டு போங்கள். வாகனத் தரிப்பிடத்தில் மரைகள் பழகிய மாடுகள் போல வந்து நிற்கும், தீனி போடக்கூடாது. பெண்கள், சின்னவள், அம்மா எல்லோரும் 8 மணிவரை தூங்கி எழும்பி வாவிக்குப் போகட்டும். மத்தியானம் நீங்கள் வந்து சேர்ந்துகொள்ளலாம். பின்னேரம் எல்லோருமாக ஒரு தேயிலைத் தொழிற்சாலை. நகருக்குப் பக்கத்தில் பீட்ரோ இருக்கிறது. உள்ளே சூடாகவும் இருக்கும், அம்மாவுக்கு உட்கார்ந்து ஒரு நல்ல பிளேன்டி குடிக்கவும் இடம். தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் அக்காமாரைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அவர்கள் கிலோக் கணக்கில் வேலை செய்துகொண்டிருப்பவர்கள்.

அம்பேவெலப் பண்ணை ஹோர்ட்டன் போகும் வழியில்தான், திரும்பும்போது நேரமிருந்தால் ஒரு பால் குடித்துவிட்டு வாருங்கள். எல்ல வேண்டாம். சனிக்கிழமை எல்ல என்பது வாகன வரிசை. ஏரிதான் முக்கியம் என்றால் ஹட்டனுக்கு அப்பால் காசல்றீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் கிரகரி வாவியைவிட எவ்வளவோ வடிவு. மவுசாகலையில் நீர் வற்றும்போது மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயில் கட்டடங்கள் மேலே வரும். ஆனால் டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலைக் காலம். வார இறுதியில் அந்த வீதி யாத்திரிகர்களுக்கே போதாது. அதை வேறொரு வருடத்துக்கு வையுங்கள்.

ரயிலைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நானுஓயாவிலிருந்து பட்டிப்பொல, ஒஹிய பக்கம் ஒரு சிறு ஓட்டம் பிள்ளைகளுக்கு நல்ல அனுபவம். பட்டிப்பொலதான் நாட்டின் மிக உயரமான ரயில் நிலையம். பாதை அந்த நேரம் திறந்திருக்கிறதா என்று புகையிரதத் திணைக்களத்திடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள், அதை நம்பித் திட்டத்தைக் கட்டாதீர்கள்.

சாப்பாட்டில் ஒரே ஒரு எச்சரிக்கை: மீனை மறந்துவிடுங்கள். கல்லடியில் கரைவலை மீன் சாப்பிட்ட நாக்குக்கு அங்கே ஐஸில் வந்த மீன் பிடிக்காது. லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு, பருப்பு, சூடாக ரொட்டி. இரண்டு நாளைக்குச் சைவமாக இருந்தால் ஒன்றும் குறையாது. இரவுச் சாப்பாட்டை 7 மணிக்குள் முடித்துவிடுங்கள், நகரில் கடைகள் சீக்கிரம் அடங்கும். இரண்டு பெரிய பிளாஸ்க் கொண்டு போய்ப் படுக்கும்போது சுடுதண்ணீர் நிரப்பி வையுங்கள். இரவு 2 மணிக்குச் சின்னவளுக்குப் பால் கரைக்க விடுதிச் சமையலறையை எழுப்ப முடியாது.

புறப்படுவதற்கு முதல்நாள் இரவு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலை. பதுளைக்கோ நுவரெலியாவுக்கோ செம்மஞ்சள் இருந்தால் அறை முற்பணம் போனாலும் போகட்டும், தள்ளிவையுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தில் வீதி நிலவரம் கேட்கலாம்.

ஞாயிறு திரும்பும் நேரத்தை மனைவியிடமும் அக்காவிடமும் இப்போதே சொல்லி வையுங்கள், ஏனென்றால் வெலிமடையில் மரக்கறி வாங்க நிற்பார்கள். வாங்கட்டும். கரட்டும் லீக்ஸும் நுவரெலியா நகரைவிட அங்கே மலிவு, புதிதும்கூட. அரை மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். கோயில் முடித்து 11 மணிக்கு வெலிமடை, 1 மணிக்குப் பதுளையில் சாப்பாடு, 4 மணிக்கு மகாஓயா. அங்கே வெந்நீர் ஊற்று இருக்கிறது. குளிரிலிருந்து வருபவர்களுக்கு அது ஒரு சுகம், பிள்ளைகளும் கேட்பார்கள். சில கிணறுகளில் தண்ணீர் 50 பாகைக்கு மேல் என்பதால் பிள்ளைகளின் கையை விடாதீர்கள். ஆனால் மகாஓயாவுக்கு வரும்போது 4.30 தாண்டிவிட்டால் இறங்கவே வேண்டாம். ஜனவரியில் 6 மணி தாண்டியதும் இருட்டிவிடும், அதற்கு முன் புல்லுமலைக் காட்டைக் கடந்து கரடியனாற்றுக்கு வந்துவிட வேண்டும்.